உப்பளக் கரையில் உழைக்கும் போன்

வேலைக்கென்று வாங்கும் ஸ்மார்ட்போனின் தரம், அது எந்த ஊரில் யார் கையில் உழைக்கப்போகிறது என்பதைப் பொறுத்தது. சென்னையில் குளிரூட்டிய அலுவலகத்தில் மூன்று வருடம் குறையில்லாமல் ஓடும் செட், கிளியனூர்ப் பக்கம் ஓர் உப்புப் பருவம் முடிவதற்குள் பழுது மேசைக்கு வந்துவிடும். விளம்பரத்தில் இருக்கும் எண்கள் இரண்டு செட்டுக்கும் ஒன்றேதான். காற்று வேறு, வெயில் வேறு, விரல் வேறு.

கிளியனூர் திண்டிவனம்–புதுச்சேரி நெடுஞ்சாலையில் இருக்கிறது. கிழக்கே கழுவெளிச் சதுப்புநிலம்; அதற்கும் அப்பால், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மரக்காணத்து உப்பளங்கள், 3,000 ஏக்கருக்கு மேல். தை பிறந்ததும் பாத்தி மிதிக்கத் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை அங்கே உப்பு வாருகிறார்கள். இந்த வட்டாரத்தில் போன் விற்றும் பழுது பார்த்தும் பிழைப்பவரிடம் வருகிறவர்கள் உப்பளத்துக் கணக்கப்பிள்ளை, மேஸ்திரி, லாரி புரோக்கர், ஃபைபர் படகு வைத்திருக்கும் மீனவர், சவுக்குக்கட்டையும் தர்பூசணியும் ஏற்றி அனுப்பும் வியாபாரி, நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர் ஆகியோர். இவர்களும் ரீல்ஸ் பார்க்கிறவர்கள்தாம். ஆனால் போன் ஒரு நாள் படுத்துவிட்டால் இவர்களுக்கு நிற்பது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு.

மேசைக்கு வரும் புகார்களில் முதலிடம் எப்போதும் ஒன்றுக்குத்தான்: “அண்ணே, சார்ஜ் ஏறல.” பேட்டரி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் பேட்டரி நன்றாகவே இருக்கும். கெட்டிருப்பது சார்ஜிங் போர்ட். டைப்-சி போர்ட்டுக்குள் 24 தொடுமுனைகள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. கடற்காற்றில் வரும் உப்பு அங்கே படிகிறது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவுகூட வேண்டாம், 33 சதவீதமே போதும். ஆகவே இந்தக் கரையில் போர்ட் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருந்துகொண்டே இருக்கும். அந்த நிலையில் சார்ஜரைச் செருகினால் 5 வோல்ட் முனைக்கும் தரைமுனைக்கும் நடுவே உப்புநீர் ஒரு பாலமாகிறது. மின்னாற்பகுப்பு தொடங்கி, முதலில் தங்கப்பூச்சு போகிறது, பிறகு நிக்கல், பிறகு செம்பு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மின்சாரம் வரும் முனை கறுத்துத் தேய்ந்திருக்கும். ஓரத்தில் பச்சைப்பொடி ஒட்டியிருக்கும். வேகச் சார்ஜர் 9 வோல்ட் தரும்போது அரிப்பும் வேகமாகிறது.

இந்தக் கேட்டைத் தடுக்க இரண்டு அம்சங்கள் உதவும். போர்ட்டில் ஈரம் இருந்தால் சார்ஜ் ஏற்ற மறுத்து எச்சரிக்கும் வசதி ஒன்று. எரிச்சலூட்டும் வசதிதான், ஆனால் அதை ஏமாற்றிச் சார்ஜ் போடுகிறவர்கள் சில மாதத்தில் கடைக்கு வருகிறார்கள். இன்னொன்று பழுதுபார்ப்பவருக்கு மட்டும் தெரிந்தது. சார்ஜிங் போர்ட் தனிச் சிறு பலகையில், அதாவது சப் போர்டில், அமைந்திருக்கிறதா, மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்பது அது. சப் போர்டாக இருந்தால் அதைக் கழற்றிப் புதிதை மாட்டி அன்று மாலையே கொடுத்துவிடலாம். மதர்போர்டில் இருந்தால் சூடான காற்றை ஊதி எடுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் சில்லுகளுக்கும் ஆபத்து. விலைப்பட்டியலில் எங்கும் அச்சிடப்படாத இந்த ஒரு விவரம், உப்பளக் கணக்கப்பிள்ளைக்கு கேமராவின் மெகாபிக்சலைவிடப் பல மடங்கு முக்கியம்.

நீர்புகாத் தரம் என்று பெட்டியில் ஐ.பி.67, ஐ.பி.68 என அச்சிடுகிறார்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். 68 என்றால் அதற்கு மேல், நிறுவனம் சொல்லும் அளவுக்கு. இந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடக்கிறது. கடல்நீரோ, அதைவிடப் பல மடங்கு உப்பு மிகுந்த பாத்திநீரோ அந்தச் சோதனைத் தொட்டியில் இல்லை. கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். உப்பு பூக்கும் பாத்தியில், உப்புச்செறிவை அளக்கும் போமே மானி 25 டிகிரிக்கு மேல் காட்டும். அதாவது கரைசல் இனி உப்பைத் தாங்கமாட்டேன் என்று சொல்லும் நிலை. அதில் விழுந்த செட் உலர்ந்தால் உள்ளே படிகமே விளைந்துவிடும். அரிசிப் பானையில் புதைத்து வைப்பது இந்த ஊரிலும் பழக்கம். அரிசி உப்பை எடுக்காது. தவிட்டுத்தூளைப் போர்ட்டுக்குள் அனுப்பும், அவ்வளவே. நீர்புகாத் தரம் உள்ள செட் என்றால் உடனே அணைத்து, நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, நன்றாகக் காயும்வரை சார்ஜ் போடாமல் வைக்க வேண்டும். தரமில்லாத செட்டை அணைத்துவிட்டு அப்படியே மேசைக்குக் கொண்டுவருவது நல்லது. ஒரு முறை திறந்து பழுது பார்த்த பிறகு, ஓரப்பசையைப் புதிதாக ஒட்டாவிட்டால் பெட்டியில் போட்ட ஐ.பி. எண்ணுக்கு மதிப்பில்லை. தண்ணீரால் கெட்டதைப் பெரும்பாலான நிறுவனங்களின் உத்தரவாதமும் ஏற்பதில்லை.

திரைக்கு வந்தால், வெயில்தான் கேள்வி. நண்பகல் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். உப்பளத்தில் வானத்து வெளிச்சம் போதாதென்று தரையும் வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் வீசுகிறது. 400, 500 நிட்ஸ் வெளிச்சம் மட்டும் தரும் மலிவுத் திரையில் அங்கே எடைச்சீட்டின் எண்ணைப் படிக்க முடியாது; கையால் மறைத்துக்கொண்டு குனிய வேண்டும். ஆயிரம் நிட்ஸ் வெளியில் நிலையாகத் தரும் திரை வேண்டும். பெட்டியில் போடும் உச்ச அளவு திரையின் ஒரு சிறு பகுதிக்கு, சில நொடிகளுக்கு மட்டும் கிடைப்பது. அதை நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். போன் சூடானால் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது இன்னொரு சங்கடம். முன்னணி நிறுவனங்களின் கையேடுகள் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையே இயங்குநிலை என்று சொல்கின்றன. மரக்காணத்துச் சித்திரை வெயில் அந்தக் கையேட்டைப் படித்ததில்லை.

விரலும் இங்கே வேறு. தொடுதிரை விரலின் மின்கடத்தலை உணர்ந்து இயங்குகிறது. உப்புநீரும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஈரக்கையோடு தொட்டால் அழைப்பை எடுக்கப் போய் துண்டிப்பதும், தானே எண் அழுத்திக்கொள்வதும் அதனால்தான். உப்பு வாரி வாரித் தேய்ந்த விரல்களில் ரேகை சரியாகப் படிவதில்லை. ரேகைப் பூட்டு மட்டும் வைத்த செட் அப்படிப்பட்டவருக்கு எதிரி. அவர்களுக்கு எண் பூட்டே சரி; அதையும் நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல் 1234 என்று வைக்காமல் இருந்தால் போதும்.

பேட்டரியைப் பற்றி விளம்பரம் சொல்வது எம்.ஏ.எச். கணக்கு. இப்போது 5,000 என்பது சாதாரணம். அதற்கு மேலும் வருகிறது. ஒரு நாள் வேலைக்கு இது தாராளம். இந்தக் கரைக்குக் கணக்கு வேறு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது பல ஊர்களில் மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.யைத் தாண்டி மழை கொட்டியது, உப்பளங்கள் ஏரியாயின. அப்படிப்பட்ட நாட்களில் போன் எத்தனை வேகமாகச் சார்ஜ் ஆகிறது என்பதைவிட, சார்ஜே இல்லாமல் எத்தனை நேரம் காத்திருக்கும் என்பதுதான் பார்க்க வேண்டியது. பெரிய பேட்டரி, தீவிர மின்சேமிப்பு முறை, இன்னொரு போனுக்குச் சார்ஜ் கொடுக்கும் வசதி இவை மூன்றும் புயல் நாளில் பேசும்.

பேட்டரி வயதாவதும் வெயிலோடு சேர்ந்த விஷயம். லாரியின் டேஷ்போர்டில் கிடந்து, சூட்டிலேயே சார்ஜும் ஏறும் செட்டில் பேட்டரி உப்பிவிடுகிறது. பின்மூடி மெல்ல எழும்பும், திரை ஓரம் விலகும். அதை அழுத்தி மூடி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டுகிறவர்கள் உண்டு. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. அன்றைக்கே மாற்ற வேண்டியது.

இனி பேச்சு. தொலைத்தொடர்பில் ஒரு போனின் முதல் கடமை, டவர் பிடிப்பது. குறைந்த அலைவரிசை தூரம் போகும், சுவரையும் தாண்டும். உயர் அலைவரிசை வேகம் தரும், ஆனால் எட்டாது. ஜியோவின் 4ஜி-க்கு 850 மெகாஹெர்ட்சும் ஏர்டெல்லுக்கு 900 மெகாஹெர்ட்சும் இப்படித் தூரம் போகிறவை. கழுவெளி ஓரத்திலும் உப்பள நடுவிலும் காப்பாற்றுவது இவைதாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் செட்டில் இந்த அலைவரிசைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்தே வாங்க வேண்டும். சிங்கப்பூரில் பறந்த செட் இங்கே ஒரு கோட்டில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. ஜியோவுக்கு 2ஜி கிடையாது என்பதால், 4ஜி வழியே குரல் அழைப்பு எடுக்கும் வோல்ட்இ வசதி இல்லாத செட்டில் அந்த சிம் இருந்தும் பேச முடியாது.

இரட்டை சிம் இந்த ஊரில் ஆடம்பரமில்லை. இரண்டும் வெவ்வேறு நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். ஒன்றின் டவர் சாய்ந்தாலும் மற்றொன்று நிற்கக்கூடும். மெமரி கார்டு போட்டால் இரண்டாவது சிம்முக்கு இடமில்லாத செட்டுகள் வருகின்றன. வாங்கும்போது தட்டை வெளியே இழுத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

வட்டாரத்தில் செய்தி என்பது ஒலியாகவே அதிகம் பயணிக்கிறது. “மாமா, லோடு ஏத்தியாச்சு, வண்டி திண்டிவனம் தாண்டிடுச்சு” என்பதைத் தட்டச்சு செய்பவர் குறைவு. 2013-ல் வாட்ஸ்அப்பில் வந்த குரல்செய்தி, எழுத்துப் பழக்கம் இல்லாதவரையும் கடிதம் எழுதுபவர் ஆக்கிவிட்டது. அதனால் இங்கே மைக்கும் ஸ்பீக்கரும் மதிப்புள்ள உறுப்புகள். இரண்டு மைக் வைத்துக் காற்றிரைச்சலைக் கழிக்கும் செட்டில் கடற்கரையிலிருந்து பேசினாலும் குரல் தெளிவாகப் போகும். ஒரு மைக் செட்டில் காற்று மட்டுமே போகும். மைக் துளையும் ஸ்பீக்கர் வலையும் உப்பும் தூசியும் சேர்ந்து அடைபடுகின்றன. ஊசியை விட்டுக் குத்துகிறவர்கள் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வைக் கிழித்துவிடுகிறார்கள். உலர்ந்த மென்மையான பல்துலக்கி போதும்.

செய்தி சரியான நேரத்தில் காதில் விழுவது என்ன செய்யும் என்பதற்கு இந்தக் கடற்கரையே சாட்சி. ஸ்மார்ட்போன் வருவதற்கு முன், 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியின் வில்லியனூரை மையமாக வைத்து கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. அலை உயரக் கணிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வைத்து மீனவருக்குச் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26, சுனாமி அன்று, நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி எச்சரிக்கை வந்தது. அங்கிருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி வழியே சொல்லி ஊரைக் காலி செய்தார்கள். ஒரு போன் அழைப்பும் ஓர் ஒலிபெருக்கியும் சேர்ந்து செய்த வேலை அது. பிற்பாடு அதே நிறுவனம் மீனவருக்கென்று தமிழில் கைப்பேசிச் செயலியைக் கொண்டுவந்தது. ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸின் அலை, காற்று, மீன் கூடும் பகுதி பற்றிய அறிவிப்புகள் அதில் வருகின்றன. 2023-ல் நாடு முழுவதும் சோதித்துப் பார்த்த அவசர எச்சரிக்கை முறை, டவர் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனையும் ஒரே நேரத்தில் அலறவைக்கிறது. அமைப்புகளில் போய் அதை நிறுத்தி வைத்திருப்பவர்கள் இந்தக் கரையில் இருக்கக் கூடாது.

சம்பாத்தியத்துக்கும் போனுக்கும் இருக்கும் தொடர்பைப் பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் கேரளத்தில் அளந்து காட்டினார். 1997 முதல் 2001 வரை கண்ணூர், கோழிக்கோடு, காசர்கோடு கரைகளில் செல்போன் பரவியபோது, மத்தி மீனவர்கள் கடலில் இருந்தபடியே எந்தச் சந்தையில் விலை என்று கேட்டுக் கரையைத் தேர்ந்தார்கள். விற்காமல் கொட்டும் மீன் நின்றது. மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. அவர்கள் கையில் இருந்தவை வெறும் பட்டன் போன்கள் என்பது கவனிக்க வேண்டியது. பயன் வந்தது குரலிலிருந்து.

தமிழில் எழுதுவதற்கும் இப்போது தடையில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-ல் கைப்பேசியில் தமிழ் எழுத வழிசெய்தது. அப்போது பல செட்டுகளில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். இந்தியாவில் விற்கும் கைப்பேசிகள் எல்லாம் 22 அட்டவணை மொழிகளையும் காட்ட வேண்டும் என்று பின்னர் மத்திய அரசு ஆணையிட்டது. 2017-ல் கூகுள் தமிழைக் கேட்டு எழுதத் தொடங்கியது. கணக்கப்பிள்ளைகள் இப்போது மூட்டைக் கணக்கைப் பேசியே எழுதுகிறார்கள். எண்களை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடுவது நலம்.

வேகம் குறைவது பற்றிய புகாருக்குப் புராசசரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் சேமிப்பிடம் நிரம்பியிருக்கும். குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் தானே இறங்கிப் போனை நிரப்புகின்றன. தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்தினால் பாதி நோய் தீரும். 128 ஜி.பி. சேமிப்பும் 6 ஜி.பி. ரேமும் இந்த வேலைகளுக்குப் போதும். பணித்தளப் பொறுப்பாளருக்குச் சற்றுக் கூடுதல் கவனம் வேண்டும். 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையின் வருகைப்பதிவு செயலியில் கட்டாயமானது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, இடக்குறியோடு படம் எடுத்து ஏற்ற வேண்டும். ஜி.பி.எஸ். தடுமாறும் செட்டோ, வெயிலில் அணைந்துபோகும் செட்டோ வைத்திருந்தால் அடிபடுவது அவர் சம்பளமல்ல, வெட்டியவர்களின் கூலி.

பணம் போன் வழியாகப் பரவலாகப் போகத் தொடங்கியது 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு. வங்கியில் பதிந்த சிம் அந்தப் போனிலேயே இருந்தால்தான் யு.பி.ஐ. பதிவாகும் என்பதால், சிம் தட்டில் உப்பேறினாலும் பணம் நின்றுவிடும். 2022 மார்ச்சில் பட்டன் போனுக்கும் யு.பி.ஐ. வழி திறந்தது. எனவே மழைக்காலத்துக்கு ஒரு மலிவான பட்டன் போனை இரண்டாவது சிம்மோடு வீட்டில் வைத்திருப்பது பிற்போக்கு இல்லை. தொழில் தெரிந்தவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். மோசடியில் பணம் போனால் கடைக்காரரிடம் ஓடி வருவதற்கு முன் 1930-ஐ அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணம் இன்னொரு கணக்குக்கு நகரும் நேரம்.

எத்தனை வருடம் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பது வாங்கும்போது கேட்கப்படாத கேள்வி. கூகுள் 2023-லும் சாம்சங் 2024-லும் தங்கள் உயர்விலைச் செட்டுகளுக்கு ஏழு வருடம் என்று அறிவித்தன. மலிவுச் செட்டுகளில் இரண்டு வருடத்தோடு நின்றுபோவதும் உண்டு; வங்கிச் செயலி ஒரு நாள் திறக்க மறுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் செட்டுகளுக்கு, விற்பனை நின்ற பின்னும் ஐந்து வருடம் புதுப்பிப்பும் ஏழு வருடம் உதிரிபாகமும் தர வேண்டும் என்று சட்டமாக்கியிருக்கிறது. இங்கே அப்படிச் சட்டம் வரும்வரை உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் மாடலை வாங்குவதே புத்திசாலித்தனம். அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ உதிரிபாகக் கடையில் அந்த மாடலின் டிஸ்பிளே, சப் போர்டு, பேட்டரி மூன்றும் இருக்கிறதா என்று கேட்டால் போதும். அதிகம் விற்ற, ஒரு வருடம் பழைய மாடலுக்கு மூன்றும் கிடைக்கும். நேற்று வெளியான புதுமாடலுக்குத் திரை உடைந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பழைய செட் வாங்குவதும் இந்த வட்டாரத்தில் பெரிய வியாபாரம், அதில் தவறில்லை. காசு கொடுப்பதற்கு முன் *#06# அழுத்தி வரும் 15 இலக்க எண்ணைப் பார்க்க வேண்டும். கே.ஒய்.எம். என்ற ஆங்கில எழுத்துகளைத் தட்டி, இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அது என்ன மாடல், முடக்கப்பட்டதா என்று பதில் வரும். சொந்த செட்டின் எண்ணையும் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். தொலைந்தால் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கக் கேட்பது அதைத்தான். பில் இல்லாத செட்டை எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.